துபாயா எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் முதல் பசிபிக் பயணத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். வரைபடமே இல்லாத கடலில் மூன்று வருஷம் சுற்ற எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அப்படி ஒரு தேடல் நமக்கு ஏன் இல்லை? வைட்டமின் சி குறைவால் மாலுமிகளுக்கு வரும் ஸ்கர்வி நோயை அவர் வென்றது எப்படி? (துபாயா என்று ஓர் உள்ளூர் உதவியாளரும் கப்பலில் இருந்தாராம்.)

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போட்ட வரிதான். கொஞ்ச நாளாகத் துபாயாவின் நினைப்பாகவே இருக்கிறேன். அவரைப் போய் உதவியாளர் என்கிறீர்களே என்று கோபம் வந்துவிட்டது.

ஸ்கர்விக்குப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், கரையில் கிடைத்த கீரை, கப்பலில் சுத்தம். அவ்வளவுதான். நமக்குத் தேடல் இல்லை என்ற புலம்பலை விட்டுவிடுங்கள், யாருக்கும் பிரயோஜனமில்லை.

துபாயா பசிபிக் கடலில் இருக்கும் ரையாத்தேயா தீவின் பூசாரி, கடலோடி. பக்கத்துப் போராபோரா தீவுக்காரர்கள் அதைப் பிடித்தபோது தப்பித் தாஹிதித் தீவுக்கு வந்தவர். 1769 ஜூலையில் தாயாத்தா என்ற சிறுவனோடு குக்கின் எண்டெவர் கப்பலில் ஏறினார். குக்குக்கு முதலில் இஷ்டமில்லை. கூட வந்த இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ்தான் தன் பொறுப்பில் கூட்டிக்கொண்டார். ஊரில் சிலர் சிங்கம், புலி வளர்ப்பதுபோல் இவரை நான் வைத்துக்கொள்ளலாமே என்று பேங்க்ஸ் நாட்குறிப்பில் எழுதினார். அந்த வரியையும் உங்கள் அடைப்புக்குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வரைபடமே இல்லாத கடலா? யாருக்கு இல்லை? துபாயா சொல்லச் சொல்ல வரைந்த படத்தில் 74 தீவுகள் இருக்கின்றன. குக் கையால் எடுத்த பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நம் வரைபடத்தின் மேல் அதை வைத்தால் தீவுகள் பொருந்தாது. பொருந்தவில்லை என்பதற்காகவே நெடுங்காலம் அதைக் குழப்பம் என்றார்கள். 2018இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வேறு மாதிரி வாசித்தார்கள்: மேலிருந்து பார்த்த படமல்ல அது, ஒரு தீவில் நிற்பவனுக்கு அடுத்த தீவு எந்தத் திசையில் என்று சொல்வது. படத்தின் நடுவில் இருப்பது நண்பகல் சூரியனின் திசை. அங்கிருந்து கோணம் பிடித்தால் பயணத் தடங்கள் ஒழுங்காக வந்துவிடுகின்றன என்பது அவர்கள் வாதம். இதில் முழுக்க ஒப்பாதவர்களும் உண்டு. எனக்கு இது சரியென்றே படுகிறது. கடலில் போகிறவனுக்கு வேண்டியது திசைதானே?

அப்புறம் 1769 அக்டோபர், நியூசிலாந்தின் கிழக்குக் கரை. முதல் நாளே அந்த மண்ணின் பூர்வகுடியான மாவோரி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் ஆற்றின் எதிர்க்கரையில் வீரர்கள் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். துபாயா தன் மொழியில் கூப்பிட்டுப் பேசினார், அவர்களுக்கு அது நன்றாகவே புரிந்தது. குக்கே வியந்து எழுதுகிறார். அதன் பிறகும் அன்று துப்பாக்கி வெடித்தது, அது வேறு. ஆனால் அந்தப் பயணத்தில் பேச்சு என்று ஒன்று நடந்ததே அவரால்தான். 1773இல் குக் திரும்பிப் போனபோது மாவோரிகள் துபாயா எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அவர் 1770 கடைசியில் பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோயில் போய்விட்டிருந்தார். சிறுவன் அதற்குச் சில நாள் முன்னால். புத்திசாலி, ஆனால் கர்வி, பிடிவாதக்காரர் என்று குக் குறிப்பெழுதினார். இருக்கட்டுமே! அவ்வளவு தெரிந்த மனிதர் ஏன் பணிந்து நிற்க வேண்டும்?

குக்கின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. நீங்கள் இளைஞர், தேடிப் படிக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு திட்டினேன். துபாயாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், அடைப்புக்குறி இல்லாமல். இங்கேயே வெளியிடுகிறேன்.