'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவில் பிப்பின் மதிப்பீடுகள் எப்படி மாறுகின்றன?

மதிப்பீடு என்றால் ஒருவன் எதைப் பெரிதாக நினைக்கிறான், எதற்குக் கூச்சப்படுகிறான் என்பதுதான். சார்லஸ் டிக்கன்ஸின் இந்த நாவலில் (1860–61) கதை சொல்லும் பிப், கொல்லர் ஜோவிடம் வளர்ந்தவன். யாரோ தரும் பணத்தில் லண்டன் போய்க் கனவானாகிறான். ஜோ பார்க்க வருகிறார் என்றதும், காசு கொடுத்தாவது தடுத்துவிடலாமா என்று அவனுக்குத் தோன்றுகிறது. ஹாஸ்டலுக்கு வந்த அப்பாவை நண்பர்களிடம் 'ஊர்க்காரர்' என்று சொல்லிச் சமாளிக்கும் பையன் மாதிரி. ஜோவும் அவனை 'சார்' என்கிறார். கணப்படுப்பு மாடத்தின் ஓரத்தில் அவர் வைத்த தொப்பி விழுந்துகொண்டே இருக்கிறது. என்னைக் கேட்டால், நாவலிலேயே அதிகம் குத்துகிற இடம் இதுதான்.

அப்புறம் உண்மை தெரிகிறது. பணம் தந்தது பிப் நினைத்திருந்த பணக்கார மிஸ் ஹாவிஷம் அல்ல; சிறுவயதில் பிப் சாப்பாடு திருடிக் கொடுத்த கைதி மாக்விட்ச். கனவான் அந்தஸ்தே ஒரு கைதி உழைத்துச் சேர்த்த காசு என்றால், யார் உயர்ந்தவர் என்ற கணக்கே உடைந்துவிடுகிறது. முதலில் பிப்புக்கு அருவருப்புதான். கடைசியில், மாக்விட்ச் பிடிபட்டு, அவரையும் சேர்த்து 32 பேருக்கு மரண தண்டனை அறிவிக்கப்படும்போது, அவர் கையைப் பிடித்தபடி நிற்கிறான்.

பணம் போனதால்தான் பிப் திருந்தினான் என்று சொல்வதுண்டு. ஆனால் மாக்விட்ச் பிடிபடுவதற்கு முன்பே, அந்தப் பணம் இனி வேண்டாம் என்று அவன் முடிவெடுத்துவிட்டான்.