ரேஷன் கேள்வி – பதில்: கைரேகை விழவில்லை என்றால் அரிசி கிடையாதா?

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். மூன்று மாதமாகக் கைரேகை விழவில்லை என்று கடையில் திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விடுவார். என்ன செய்வது?
– வாசகி, காசிமேடு

கோளாறு மெஷினில் இல்லை அம்மா, உங்கள் வேலையில் இருக்கிறது. ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் மணிக்கணக்கில் ஊறிய விரலில் தோல் சுருங்கி ரேகை மங்கிவிடும். கத்திக் கீறல்கள் வேறு. போதாததற்கு, மீன் கொழுப்பு படிந்த விரலை வைத்தால் கண்ணாடியில் பிசுக்குதான் பதியும். அதனால் மார்க்கெட்டிலிருந்து நேராகக் கடைக்குப் போகாதீர்கள். லீவு நாளிலோ, வேலைக்குக் கிளம்பும் முன்போ போங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, மெஷின் கண்ணாடியையும் ஒரு துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

பலரும் கட்டைவிரலையே நாலு தடவை அழுத்திவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. மீனைப் பிடிக்கும் கையைவிடக் கத்தி பிடிக்கும் கை கொஞ்சம் தப்பித்திருக்கும். அந்தக் கையின் மோதிர விரலையும் சுண்டுவிரலையும் வைத்துப் பாருங்கள்.

அதிலும் விழாவிட்டால் கருவிழிப் பதிவு, அல்லது போனுக்கு வரும் ஓ.டி.பி. எதுவுமே நடக்கவில்லை என்றால், கார்டை ஸ்கேன் செய்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் தர வேண்டும். ரேகை விழாததை மட்டும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால், கடை வாசலில் நின்றபடியே ரேஷன் புகார் எண் 1967-க்கு போன் போடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சாவகாசமாகச் செய்யும் புகாரைவிட இதற்கு வேகம் அதிகம். கையோடு ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். ரேகை தேறியிருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும். உங்களுக்கு அதற்குத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம்தான்.

நாங்கள் ஆறு பேர். எங்களுக்கு 20 கிலோ அரிசி. எதிர்வீட்டிலும் ஆறு பேர்தான், அவர்களுக்கு 30 கிலோ. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?
– வாசகர், வியாசர்பாடி

ஏமாற்றவில்லை. ஸ்மார்ட் கார்டின் முன்பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். பி.எச்.எச். என்றால் முன்னுரிமைக் கார்டு: குழந்தை, பெரியவர் பேதமில்லாமல் ஆளுக்கு 5 கிலோ. என்.பி.எச்.எச். என்றால் முன்னுரிமை இல்லாதது: எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோவுக்கு மேல் இல்லை. உங்களுடையது இரண்டாவதாகத்தான் இருக்கும். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்றிருந்தால் மிகவும் ஏழைகளுக்கான அந்தியோதயா கார்டு, மொத்தமாக 35 கிலோ. மூன்றிலும் அரிசி இலவசம். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய் என்பதிலும் வித்தியாசமில்லை.

வகை மாற்றக் கேட்டு, உணவுப் பொருள் வழங்கல் துறையின் உங்கள் மண்டல உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் அது இல்லை. கணவரை இழந்த பெண்ணோ மாற்றுத்திறனாளியோ குடும்பத் தலைவராக இருந்தால், அந்தச் சான்றை மனுவோடு இணையுங்கள். வருமான வரி கட்டுபவர், கார், ஏ.சி. இருந்தால் மனு தள்ளுபடியாகும், பிழைப்புக்கு ஓட்டும் ஒரு குட்டியானை வேன் இருப்பது தடையில்லை. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை அந்த அலுவலகங்களில் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்ப்பு, நீக்கம், போன் நம்பர் மாற்றத்தையும் அதிலேயே முடித்துக்கொள்ளலாம்.

பருப்பு ஸ்டாக் இல்லை என்றார்கள். சாயந்திரம் பருப்பு வாங்கியதாக போனுக்கு மெசேஜ் வருகிறது!
– வாசகி, கொருக்குப்பேட்டை

அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள், ஆதாரமே அதுதான். கார்டில் பதிந்த நம்பரிலிருந்து ஆங்கிலத்தில் பி.டி.எஸ். என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 107 என்று சேர்த்து 9773904050-க்கு அனுப்பினால், வாங்காத பொருளுக்குப் பில் போட்டதாகப் புகார் பதிவாகும். 107-க்குப் பதில் 101 என்று போட்டால் கடை இருப்பு வரும், 102 என்றால் கடை திறந்திருக்கிறதா என்பது. வரிசையில் நிற்கும் முன் 101 அனுப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு நம்பரை மாற்றாமல் இருப்பவர்களுக்கு இந்த மெசேஜ் வரவே வராது. பெரும்பாலான திருட்டுப் பில் அப்படிப்பட்ட கார்டுகளில்தான் தைரியமாக விழுகிறது என்பது எங்கள் எண்ணம்.

மாதக் கடைசியில் அரிசி தீர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் இருவர், நாலாவதும் ஏழாவதும். வேறு வழி?
– வாசகி, திருவொற்றியூர்

மாநகராட்சிப் பள்ளி என்றால் நாலாவது படிக்கும் பிள்ளைக்குக் காலை உணவு உண்டு. அது ஐந்தாம் வகுப்பு வரைதான். மதியச் சத்துணவு இரண்டு பேருக்கும், முட்டையோடு. காலைப் பெல் அடித்தபின் போனால் உப்புமா தீர்ந்திருக்கும், கொஞ்சம் முன்னதாக அனுப்புங்கள். பெரியவர்களுக்கு அம்மா உணவகம்: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. மதியம் 12 மணிக்குத் திறப்பார்கள். பார்சல் கிடையாது, அங்கேயே சாப்பிட வேண்டும்.