பட்டன் அழுத்துற வேலைதானே?

கேள்வி: பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்து 600க்கு 468 வாங்கியிருக்கிறேன். நீட் கைகொடுக்கவில்லை. ரேடியோகிராபர் ஆக வேண்டும் என்று ஆசை. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பாராமெடிக்கல் இன்ஸ்டிட்யூட்டில், 'ஒரே வருடத்தில் டிப்ளமோ, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் எல்லாம் கற்றுத் தருகிறோம். படித்து முடித்ததும் சொந்தமாக ஸ்கேன் சென்டர்கூட வைக்கலாம். 85,000 ரூபாய்தான்' என்கிறார்கள். வேன் ஓட்டும் அப்பா, "பட்டன் அழுத்துற வேலைதானே, ஒரு வருஷம் போதும்" என்கிறார். அத்தையோ, "கதிர் படுற வேலைக்குப் போனா நாளைக்குக் குழந்தை நிக்காது" என்று ஒரே பிடியாக நிற்கிறார். நான் என்ன செய்ய?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அன்புள்ள மகளுக்கு,

அத்தையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. நான் எக்ஸ்ரே ரூமில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள். வேலையில் இருக்கும்போதுதான் இரண்டு பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆனால் என் பிள்ளைகளைக் காட்டி அத்தையை மடக்கக் கூடாது. கணக்கைக் காட்டு.

எக்ஸ்ரே என்பது டியூப் லைட் மாதிரி எரிந்துகொண்டே இருப்பதில்லை. ஸ்விட்சை அழுத்தும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் கதிர் வரும். விட்டால் அறையில் ஒன்றும் மிச்சம் இருக்காது. அந்த நேரத்தில் நாம் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்கிறோம். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒரு பங்காகிவிடும். மார்பில் டி.எல்.டி. பேட்ஜ் என்று ஒன்று குத்திக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பிவைத்தால், நம் மேல் எவ்வளவு பட்டது என்று அளந்து சொல்லிவிடுவார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு வைத்திருக்கும் வரம்பு, ஐந்து வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் பட்ட கதிரை அளக்கும் அளவு). எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் மண்ணும் வானமும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் தந்துகொண்டுதான் இருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிர்வீசும் தாது இருப்பதால் அங்கே அது இன்னும் கூடுதல். அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று அத்தையிடம் சொல்.

கர்ப்பமானால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது. அதிலிருந்து பிரசவம் வரை வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக் கூடாது என்பது விதி. ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷின் பக்கத்தில் நிற்கிற மாதிரி டூட்டியிலிருந்து மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பேட்ஜை, கதிரைத் தடுக்கப் போடும் ஈய ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே ரூமிலேயே மாட்டிவிட்டுப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பேட்ஜுக்கு ஏறிய கணக்கு இவர்கள் பேரில் வரும், அப்புறம் விளக்கம் எழுதிக்கொண்டு திரிவார்கள்!

எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கதிரே கிடையாது. அத்தைக்கு அது நிம்மதியாக இருக்கலாம், எனக்கு அதுதான் அதிக பயம். அந்தக் காந்தம் நோயாளி இல்லாதபோதும், ராத்திரியிலும், எப்போதும் உயிரோடு இருக்கிறது. 2018இல் மும்பையில் ஒரு நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போய், காந்தம் இழுத்து இறந்தே போனார். கதவருகே நின்று 'இரும்பு எதுவும் உள்ளே வரக் கூடாது' என்று பெரிய டாக்டரையும் தடுத்து நிறுத்துவது ரேடியோகிராபரின் வேலை. அதற்குக் குரல் வேண்டும். உனக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

சரி, அப்பாவின் பட்டனுக்கு வருவோம்.

நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றை எடுத்துக்கொள். எல்லோரும் எடுத்திருக்கும் சாதாரணப் படம். ஒரு பாட்டி வருகிறார். கழுத்தில் தாலிக்கொடி, கையில் தாயத்து, ஜாக்கெட்டில் ஊக்கு, முதுகில் தொங்கும் பின்னல். பின்னலை அப்படியே விட்டால் நுரையீரலின் மேல்முனையில் ஒரு நிழல் விழும். காச நோய் பெரும்பாலும் குடியேறுகிற இடமும் அதுதான். அதனால் பின்னலைத் தூக்கி உச்சியில் கொண்டை போட வேண்டும். தாலியைக் கழற்றமாட்டேன் என்பார். சண்டை போடக் கூடாது. மஞ்சள் கயிறு என்றால் பிரச்சினை இல்லை, தங்கம்தான் படத்தில் பளிச்சென்று விழும். கொடியை மேலே தூக்கிப் பல்லில் கவ்விக்கொள்ளச் சொன்னால் படம் தாலி இல்லாமல் வந்துவிடும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தது வார்டில் இருந்த ஓர் ஆயா.

அப்புறம் நெஞ்சைப் பலகையோடு ஒட்டி நிற்கவைத்து, முகவாயைத் தூக்கி, புறங்கையை இடுப்பில் வைத்து, இரண்டு தோளையும் முன்னுக்கு உருட்ட வேண்டும். உருட்டினால்தான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழாமல் ஒதுங்கும். டியூப் முதுகுப் பக்கம் ஆறடி தள்ளி. கிட்டே வைத்தால் இதயம் பெரிதாகத் தெரியும், இல்லாத வீக்கத்துக்கு மருந்து எழுதுவார்கள். "மூச்சை நல்லா இழுங்க பாட்டி... அப்படியே நிறுத்துங்க..." பாட்டிக்குக் காது கேட்காது. நீயே உன் நெஞ்சில் கைவைத்து இழுத்துக் காட்ட வேண்டும். அவர் இழுத்த அந்தக் கணத்தில், தடுப்புக்குப் பின்னால் ஓடி அழுத்த வேண்டும். அப்பா சொன்ன பட்டன் இதுதான். பத்து நிமிட வேலையில் அதற்கு அரை நொடி.

படம் வந்ததும் இரண்டு காறை எலும்பின் உள்முனையும் முதுகுத்தண்டிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா, விலா எலும்புகள் போதுமான அளவுக்குத் தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் மறுபடியும் எடுக்க வேண்டும், அதாவது பாட்டிக்கு இரண்டாவது முறை கதிர். முதல் தடவையே சரியாக எடுக்கத்தான் இத்தனை வருடப் படிப்பு.

நானும் தப்பு செய்திருக்கிறேன். டார்க் ரூம் காலம் அது. சிவப்பு விளக்கில் டெவலப்பர், ஃபிக்ஸர் வாடையோடு ஃபிலிமைக் கழுவித் தொங்கவிடுவோம். ஒரு நைட் டூட்டியில், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவருக்குக் கணுக்கால் எடுத்தேன். வலது, இடது சொல்லும் ஈய எழுத்தை ஃபிலிம் வைக்கும் கேசட்டில் ஒட்ட மறந்துவிட்டேன். கழுவிய பிறகு ஃபிலிமை எந்தப் பக்கம் திருப்பினாலும் கணுக்கால் கணுக்கால்தான். தூக்கக் கலக்கத்தில் பேனாவால் 'வலது' என்று எழுதி அனுப்பினேன். வீங்கியிருந்தது இடது. வீக்கம் கண்ணுக்குத் தெரிந்ததால் டாக்டர் பிடித்துவிட்டார். தெரியாத இடமாக இருந்திருந்தால்? மறுநாள் என் சீனியர் திட்டவில்லை. இரண்டு ஈய எழுத்தையும் பிளாஸ்திரியில் ஒட்டி என் கோட்டுப் பாக்கெட்டில் போட்டார். ஓய்வு பெறும் நாள்வரை அவை அங்கேயே இருந்தன. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர், எழுத்தைப் பிறகு மவுஸால் போட்டுக்கொள்ளலாம். அதனால் தப்பு செய்வது இன்னும் சுலபமாகிவிட்டது.

இனி அந்த இன்ஸ்டிட்யூட். சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்: சேராதே. வருடக் கணக்கைவிட, அவர்கள் சொன்ன அந்த அல்ட்ராசவுண்ட் வார்த்தைதான் எனக்கு நெருடுகிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டத்தின் கீழ், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வதற்குத் தகுதியுள்ள டாக்டர் வேண்டும், சென்டருக்குப் பதிவு வேண்டும். ஒரு வருட டிப்ளமோவை வைத்துக்கொண்டு சென்டர் நடத்தினால் ஜெயிலுக்குப் போகிற வழி அது. இதைத் தெரியாமல் சொல்கிறார்கள் என்றால் அவர்களிடம் படிக்கக் கூடாது. தெரிந்தே சொல்கிறார்கள் என்றால் இன்னும் கூடாது.

உன் மதிப்பெண்ணுக்கு நேர்வழி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி: மூன்று வருடப் படிப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் இருக்க வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு என்று தனியாக விண்ணப்பம் வாங்கி, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி கவுன்சலிங் நடத்திவருகிறது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டத்தால் பாடத்திட்டம், பதிவு எல்லாம் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த வருட விளக்கக் கையேட்டை வரி விடாமல் படி. போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்பாதே. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட டிப்ளமோவும் உண்டு. வீட்டில் பணமுடை என்றால் அதுவும் கௌரவமான வழிதான்.

இடம் கிடைத்தால் கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதே, ஆஸ்பத்திரியைப் பார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934இல் தொடங்கிய பர்னார்ட் ரேடியாலஜி இன்ஸ்டிட்யூட் மாதிரி இடங்களில் கேஸ் வந்துகொண்டே இருக்கும். எலும்பு முறிவு, விபத்து, குழந்தைகள், ஐ.சி.யூ. படுக்கைக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும் போர்ட்டபிள் என்று கை தானாகப் பழகும். தனியார் கல்லூரி என்றால் சீனியர் மாணவிகளிடம் தனியாக ஒரே ஒரு கேள்வி கேள்: "இந்த வாரம் நீங்களே எத்தனை பேரைப் படத்துக்குச் சரியாக நிற்கவைத்து பொசிஷன் செய்தீர்கள்?" வாரத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் மெஷினைக் காட்டுகிறார்கள் என்றால் வேண்டாம். மாணவிகளுக்கு பேட்ஜ் தருகிறார்களா என்றும் பார். ஈய ஏப்ரன்கள் மடித்துக் கிடக்கின்றனவா, தொங்குகின்றனவா என்று எட்டிப் பார். மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும். அதைக்கூடக் கவனிக்காத இடத்தில் வேறென்ன கற்றுத் தரப் போகிறார்கள்?

அரசு வேலைதான் குறி என்றால், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ரேடியோகிராபர் பணிக்கு முன்பு வெளியிட்ட அறிவிக்கையை எடுத்துப் படி. எந்தப் படிப்பு செல்லும் என்று அதிலேயே இருக்கும். அதை பஸ் ஸ்டாண்ட் இன்ஸ்டிட்யூட்காரரிடம் நீட்டி, "உங்க சர்டிபிகேட் இதுல எங்க சார் வருது?" என்று கேட்டுப் பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

சம்பளம்? தனியார் ஸ்கேன் சென்டரில் ஆரம்பத்தில் குறைவுதான், பொய் சொல்லமாட்டேன். நைட் டூட்டி உண்டு. சி.டி., எம்.ஆர்.ஐ. கை வந்த பிறகுதான் நிமிர்வாய். இன்னொன்று, ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் டாக்டரின் வேலை, நம்முடையது அல்ல. ஆனால் படத்தை முதலில் பார்ப்பது நாம்தான். நுரையீரல் சுருங்கிக் கிடப்பது கண்ணில் பட்டால் வரிசைப்படி போகட்டும் என்று இருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும். வெளியே நிற்கும் மகன் "என்னம்மா இருக்கு?" என்று உன் முகத்தைப் பார்ப்பான். "டாக்டர் சொல்வார்" என்பதை முகம் மாறாமல் சொல்ல எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் காலையில் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், அனுமதி கேட்டு எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார். கதவு மூடிய பிறகு உள்ளேயிருந்து வரும் குரலை மட்டும் அவர் கேட்கட்டும். அதற்கு முன் ஒரு விஷயம்: அந்த 85,000இல் முன்பணம் ஏதும் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் ரசீதை பத்திரமாக வைத்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு பைசா கொடுக்காமல் எனக்கு உடனே எழுது.