கடலாமையைக் காக்கக் கரைவலை வாடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் பக்கம் நாங்கள் ஆறு இளைஞர்கள். எங்கள் கரையில் கடலாமை முட்டைகளைத் தோண்டி எடுக்கிறார்கள். வலையில் மாட்டிய ஆமைகளும் செத்து ஒதுங்குகின்றன. இதை நிறுத்த ஓர் இயக்கம் தொடங்க விரும்புகிறோம். முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கும் நிலையம் போடலாமா? முதலில் என்ன செய்வது?

பதில்: நிலையம் வேண்டாம். தாவர விலங்கின பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி (1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கம்) கடலாமையையோ முட்டையையோ எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். காப்பாற்றத்தான் எடுத்தோம் என்றாலும், அனுமதியில்லாமல் உங்கள் வாளியில் முட்டை இருந்தால் நீங்களும் சிக்குவீர்கள்.

சட்டத்தை விட முக்கியமான காரணம் முட்டைக்குள் இருக்கிறது. இட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேற்புற உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு முட்டை புரண்டால் ஒட்டு அறுந்து கரு சாகும். இரவில் இட்டதை விடிந்த பிறகு தோண்டி வாளியில் போட்டால் நடப்பது இதுதான். வெளியே பார்க்க முட்டையில் எந்தக் குறையும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துக் குழியைத் திறக்கும்போதுதான் அழுகியது தெரியும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் சூடே தீர்மானிக்கிறது: சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேலே போனால் பெண் கூடும், கீழே இறங்கினால் ஆண் கூடும். தாய் தேர்ந்த இடத்தை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும்.

ஆகவே கூட்டை இருந்த இடத்திலேயே ஒளித்து வையுங்கள். முட்டை எடுப்பவர் கூட்டைக் கண்டுபிடிப்பது தடத்தை வைத்து. விடியுமுன் இருவர் இருவராகக் கரையில் நடந்து, புதுத் தடத்தைப் படமெடுத்து அகலத்தை அளந்துகொள்ளுங்கள். இரு பக்கத் துடுப்புக் குறிகளும் நேருக்கு நேர் இருந்தால் பேராமை அல்லது ஏழுவரி ஆமை. மாறி மாறி இருந்தால் பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை மூன்றில் ஒன்று. பிறகு தென்னோலையால் கடல் விளிம்பு வரை தடத்தை அழித்து, கூட்டின் மேல்மணலைத் தோண்டாமல் சமப்படுத்துங்கள். அடையாளத்துக்குக் குச்சி நடவேண்டாம், அது திருடனுக்கும் அடையாளம். அசையாத இரண்டு பொருட்களிலிருந்து, ஒரு பனையும் ஒரு மதில் மூலையும் போதும், தூரத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சு வெளிவரும். அந்தக் கிழமைகளில் கரையைப் பார்த்து எரியும் விளக்குகளை மறைக்கச் சொல்லிக் கேளுங்கள். குஞ்சு வெளிச்சமான பக்கமே போகும். தாய் ஆமை கரையில் நிற்கும்போது டோர்ச் அடிக்கவே கூடாது.

உங்கள் உழைப்பில் பெரும்பங்கு வலைக்குப் போகவேண்டும். முட்டையிட வரும் தாய் ஒன்று வலையில் செத்தால், அது இனி இடவிருந்த ஆயிரக்கணக்கான முட்டைகளும் அதோடு போயிற்று. கரையில் நின்று இழுக்கும் கரைவலையில் அகப்படும் ஆமை பெரும்பாலும் உயிரோடுதான் வரும், ஏனெனில் மூச்செடுக்க மேலே வர அதற்கு வழியிருக்கிறது. தலை தெரிந்தவுடன் ஒருவர் இறங்கி மிதப்புக் கயிற்றை ஒரு முழம் அமுக்கிப் பிடித்தால் அது மேலால் நீந்திப் போய்விடும். மீன் சேரும் பையான மடி கரைக்கு வரும்வரை காத்திருந்தால் வலையும் கிழியும், மீனும் போகும். வாடிக்கு, அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலுக்குப் போய், வலை முதலாளியிடம் இந்த இலாபக் கணக்கைச் சொல்லுங்கள். கிழிந்த வலைக்குப் பணம் தருவதாக மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நூலோடு போய்ப் பொத்திக் கொடுங்கள். அடுத்த முறை அவரே உங்களைக் கூப்பிடுவார்.

இரவு முழுதும் கடலில் கிடக்கும் வலையில்தான் ஆமை மூழ்கிச் சாகிறது. அதில் மாட்டி அசையாமல் வந்த ஆமையைச் செத்ததென்று உடனே வீசவேண்டாம். கண்ணோரத்தைத் தொட்டு, வாலை மெல்லக் கிள்ளிப் பாருங்கள். அசைவே இல்லாவிட்டாலும் வயிறு கீழே இருக்கும்படி நிழலில் கிடத்தி, பின்பக்கத்தைக் குறைந்தது 6 அங்குலம் உயர்த்தி வையுங்கள். நுரையீரலில் புகுந்த நீர் வடியும். ஈரச்சாக்கால் முதுகோட்டை மூடுங்கள், மூக்கை மூடாமல். குறைந்தது 4 மணி நேரம், தேவையானால் 24 மணி நேரம் வரை பொறுக்கவேண்டும். மல்லாக்கப் போட்டால் குடலின் பாரம் ஓட்டுக்கு அடியிலுள்ள நுரையீரலை நெரிக்கும். உயிர் இருக்கிறதா என்று தண்ணீரில் விட்டுப் பார்ப்பதும் அதை மூழ்கடிப்பதே. நன்றாக அசையத் தொடங்கிய பிறகே, இயந்திரத்தை நிறுத்தி, வலையில்லாத இடத்தில் விடுங்கள். இதற்கிடையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லிவிடுங்கள். முட்டையோ இறைச்சியோ விற்பதைக் கண்டாலும் அதே இலக்கம்தான். நீங்களே போய் மறிக்கவேண்டாம்.

இப்படித் தொடங்கும் குழுக்கள் உடைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். செத்த ஆமையோடு ஒரு மீனவரின் முகம் தெரியும் படத்தை யாராவது முகநூலில் போடுவார்கள். அடுத்த நாளிலிருந்து ஆமை மாட்டினால் ஒருவரும் சொல்லமாட்டார்கள், இருட்டிலேயே வெட்டிப் புதைப்பார்கள். முகமும் படகு இலக்கமும் கூடு இருக்கும் இடமும் எந்தப் படத்திலும் வரக்கூடாது என்பதை ஆறு பேரும் முதல் நாளே ஒப்புக்கொள்ளுங்கள். தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) சட்டப்படி தடை என்பதையும் நீங்கள் போய்ச் சொல்வதை விட, கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் சங்கத் தலைவர் சொன்னால் எடுபடும். அவரைத்தான் முதல் கிழமையில் போய்ப் பாருங்கள், பதாகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்.