போதகரின் களைப்பும் சபையின் களைப்பும்

அன்புள்ள ஐயாவுக்கு,

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய சபையில் ஒன்பது ஆண்டுகளாகப் போதகராக இருக்கிறேன். ஞாயிறு இரண்டு ஆராதனைகள், புதன் வேதப்பாடம், வெள்ளி உபவாச ஜெபம், வீட்டுச் சந்திப்புகள், வெளிநாட்டிலிருந்து உதவுபவர்களுக்கு அறிக்கை, கட்டடக் கணக்கு எல்லாம் என் தலையில்தான். சில மாதங்களாக இரவில் நித்திரை இல்லை. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். வெளியே சொன்னால் விசுவாசக் குறைவு என்பார்கள். இதற்கிடையில் நான்கு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. ஆரோக்கியமான ஊழியத் தலைமைத்துவம் பற்றி நல்ல நூல்களோ பயிற்சிகளோ இருந்தால் சொல்வீர்களா?

அன்புடன்,
ஒரு போதகர்

அன்புள்ள தம்பி,

நாற்பது வயதுக்குள்ளேயே சோர்ந்து, முகம் கறுத்துப்போன ஊழியர்களை எங்கள் ஊர்களில் தொடர்ந்து பார்க்கிறேன். ஏன் இப்படி ஆகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

விசுவாசக் குறைவு என்பவர்களை விடுங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. சாப்பிடக் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான். வேதத்தைத் தினமும் கையில் எடுக்கும் உங்களுக்கு இதை நான் நினைவூட்ட வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போன குடும்பங்கள் போகட்டும். நூற்பட்டியல் தரமாட்டேன். களைத்துக் கிடப்பவரிடம் இன்னும் ஐந்து புத்தகங்களைக் கொடுப்பது கொடுமை.

என்னை உறுத்தியது நீங்கள் எழுதிய அந்த வேலைப் பட்டியல். அதில் உங்களைத் தவிர ஒரு மனிதர்கூட இல்லை. கணக்கு எழுத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரோ எழுதுவினைஞரோ இல்லாத சபை யாழ்ப்பாணத்தில் உண்டா? வேதப்பாடம் நடத்தக்கூடிய ஒரு பெண்கூடவா உங்கள் சபையில் இல்லை? இருப்பார்கள். நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள். அல்லது ஒருமுறை கேட்டு, அவர் செய்தது திருப்தி தராமல், திரும்ப வாங்கியிருப்பீர்கள்.

மோசேயும் இதைத்தான் செய்தார். காலை முதல் மாலை வரை தனியாக இருந்து வழக்குகளைக் கேட்டார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, நீர் செய்வது நல்லதல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். இதுவரை எல்லோரும் பிரசங்கிக்கிறார்கள். எத்திரோ சொன்ன இன்னொன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: தொய்ந்துபோவது நீர் மட்டுமல்ல, உம்மோடு இருக்கும் ஜனங்களும்தான் என்றார். காலையிலிருந்து வரிசையில் நின்றவர்கள் அவர்கள் அல்லவா? தம்பி, உங்கள் கடிதத்தில் உங்கள் களைப்பு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக வாங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பவர்களின் களைப்பு இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரினால் யாழ்ப்பாண நகரத்தோடு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது நாங்களும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோம். மழை. யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் போதகர் வேறொரு திசையில் அகப்பட்டுவிட்டார். முதல் ஞாயிறு, ஒரு மாமரத்தின் கீழ் ஆராதனையை நடத்தியவர் எங்கள் ஞாயிறு பாடசாலை அக்கா. அங்கத்தவர் பதிவேட்டின் பிரதி ஒன்று மூப்பரின் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் இருவரும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஆட்களைத் தேடினார்கள். எந்தக் கிழவிக்கு மருந்து வேண்டும், எந்தத் தாய் கர்ப்பிணி என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இது அந்த இரவில் வந்த தைரியம் என்று சிலர் சாட்சி சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் போதகர் கண்டிப்பான மனிதர், ஆனாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கபீடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வாங்கில் உட்காருவார். அக்காவின் முதல் பிரசங்கம் மோசமாக இருந்தது, நடுவில் அழுதுவிட்டார். சபையில் முணுமுணுத்தார்கள். போதகர் திங்கட்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்து, எங்கே தடுமாறினார் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, மறுபடியும் தேதி குறித்தார். காணிக்கையை இரண்டு பேர் எண்ணுவார்கள், அவர் தொடமாட்டார். அந்த மாமரத்தடி ஆராதனை அந்தத் திங்கட்கிழமைகளில்தான் ஆயத்தமானது.

மானிப்பாய் மருத்துவமனைக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் கிறீன் ஐயரையும் நினைத்துப் பாருங்கள். 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர். ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, தமிழிலேயே கற்பித்தார். ஊரில் நின்று ஊராருக்கு வைத்தியம் செய்யும் ஆட்களை உருவாக்குவதே அவர் நோக்கம். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். நோயாளிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் பெயர் அவர் காலத்தில் இன்னும் பெரிதாகப் பேசப்பட்டிருக்கும். 1873 இல் அவர் அமெரிக்கா திரும்பியபோது தமிழில் படித்த வைத்தியர்கள் இங்கே இருந்தார்கள்.

நீங்கள் நாளைக்குப் போனால் உங்கள் சபையில் யார் இருப்பார்கள்? இதைக் கேட்கக் கூடிய எத்திரோ ஒருவர் உங்களுக்கு இருக்கிறாரா? உங்களிடம் சம்பளம் வாங்காத, உங்களுக்குப் பயப்படாத ஒருவர் வேண்டும். வேறு சபையின் மூத்த போதகராக இருக்கலாம், உங்கள் மாமனாராகவும் இருக்கலாம். அப்படி ஒருவரும் இல்லாமல் ஒன்பது ஆண்டுகள் ஓடியதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்க ஆளில்லாத ஊழியர் கணக்கிலும் வழுக்குவார், நாக்கிலும் வழுக்குவார். வீட்டில் எரிந்து விழுவது ஏற்கனவே தொடங்கிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனைவியிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

நித்திரையில்லாமல் மாதக்கணக்காகிவிட்டது என்றால் இந்த வாரமே வைத்தியரிடம் போங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள், ஆனால் போங்கள். கட்டடக் கணக்கை இந்த மாதமே இரண்டு பேரிடம் ஒப்படைத்து, சபைக்கு முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். புதன் வேதப்பாடத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பிழை விடுவார்கள், விடட்டும். பிறகு இரண்டு வாரம் லீவு எடுத்து, ஆலயத் திறப்பை மூப்பரிடம் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு எங்காவது போய் வாருங்கள். அங்கிருந்து தொலைபேசியில் சபையை நடத்த வேண்டாம்.