வெள்ளாவிப் பானையிலிருந்து வந்த உதவித்தொகை

(கல்லூரி அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நாங்கள் 1988-ல் ஒன்றாக பி.எஸ்சி. முடித்த பதினான்கு தோழிகள். படித்த கல்லூரிக்கு ஏதாவது செய்ய ஆசை. ஆனால் யாருக்கும் பெரிய வசதி கிடையாது. சில்லறையைக் கொண்டுபோய் நீட்டினால் மதிப்பார்களா?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஒசியோலா மெக்கார்ட்டி என்ற அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் என்ற ஊர். 1908-ல் பிறந்த கறுப்பினப் பெண் இவர். ஆறாம் வகுப்பு படிக்கும்போது சித்தி நோயில் விழுந்தார். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று பள்ளியை விட்டவர், திரும்பப் போகவே இல்லை. நர்ஸ் ஆகும் ஆசை அதோடு போயிற்று. அதன்பின் வாழ்நாள் முழுவதும் ஊரார் துணியை வெளுத்துக் கொடுத்தார். பின்கட்டில் பெரிய பானையில் வெள்ளாவி வைத்து, பலகையில் தேய்த்து, கொடியில் உலர்த்தி, இஸ்திரி போட்டு. நடுவில் வாஷிங் மெஷின் வாங்கிப் பார்த்தார். அது வெளுத்த வெளுப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, வேண்டாமென்று விட்டுவிட்டார். கார் வாங்கியதில்லை, எங்கும் நடைதான். வரும்படியில் செலவு போக மிஞ்சியதை வங்கியில் போட்டார். போட்டதை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூட்டுவலி வந்து கை ஓய்ந்தபோது அவருக்கு 86 வயது. பணத்தை யாருக்கு எழுதுவது என்று வங்கி அதிகாரி கேட்டார். புரியட்டும் என்று பத்து சென்ட் நாணயங்கள் பத்தை மேஜைமேல் வைத்தார்; ஒவ்வொன்றும் அவர் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு. ஒன்றைத் தன் தேவாலயத்துக்குத் தள்ளினார் அந்த அம்மா. மூன்றை உறவுப் பிள்ளைகள் மூவருக்கு. மீதி ஆறும் தெற்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு. 1,50,000 டாலர்! அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதே 1965-ல்தான். அப்போது அவருக்கு 57 வயது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த வளாகம் அது.

செய்தி வெளியானது 1995-ல். அவர் பணம் அவர் காலத்துக்குப் பிறகே பல்கலைக்கழகத்துக்குப் போகும் என்ற ஏற்பாடு. 'அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?' என்று 600-க்கும் மேற்பட்டவர்கள் கூடுதலாக 3,30,000 டாலர் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டே உள்ளூர்ப் பெண்பிள்ளை ஒருத்திக்கு முதல் உதவித்தொகை கிடைத்தது. மெக்கார்ட்டி 1999 வரை இருந்தார். தன் பெயரிலான உதவித்தொகையால் ஒரு பிள்ளை படிக்கப் போவதைக் கண்ணால் பார்த்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நீங்கள் பதினான்கு பேர் இருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள்.

கேள்வி: என் மனைவி தன் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரிக்குத் தர நினைக்கிறாள். 'இன்னாருக்குத்தான் போகவேண்டும்' என்று நிபந்தனையும் போடுகிறாள். கொடுத்த பிறகு நிபந்தனை எதற்கு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1876-ல் தொடங்கியது. 1889-ல் மருத்துவமனையும் வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் பணமில்லை; நிறுவனர் விட்டுப்போன ரயில்வே பங்குகளின் வருமானம் வற்றிப்போயிருந்தது. ஐந்து இளம்பெண்கள் நிதி திரட்டக் கிளம்பினார்கள். அவர்களில் நால்வர் அறங்காவலர்களின் மகள்கள். 'பணம் தருகிறோம். ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்ணையும் சேர்க்க வேண்டும்' என்றார்கள். பல ஊர்களில் பெண்கள் குழு அமைத்து வசூலித்தார்கள். முதலில் ஒரு லட்சம் டாலர் சேர்ந்தது. நிர்வாகமோ ஐந்து லட்சம் சேர்ந்தால்தான் திறப்போம் என்றது. 1892 டிசம்பரில், ஐவரில் ஒருவரான மேரி எலிசபெத் காரெட், அதுவரை சேர்ந்தது போக இன்னும் தேவைப்பட்ட 3,06,977 டாலரைத் தானே தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களையே சேர்க்க வேண்டும் என்று தரத்துக்கும் ஒரு நிபந்தனை வைத்தார். 1893-ல் கல்லூரி திறந்தபோது முதல் வகுப்பில் 18 பேர், மூவர் பெண்கள்.

நிபந்தனை போடாமல் கொடுத்திருந்தால் அந்த மூவர் உள்ளே வந்திருப்பார்களா? ஐயா, மனைவி சொல்வதை அப்படியே எழுத்தில் வாங்கிக் கல்லூரியில் கொடுங்கள்.

கேள்வி: அறக்கட்டளைப் பரிசு என்றால் முதல் மதிப்பெண்ணுக்கா, ஏழை மாணவிக்கா? எது நல்லது?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: முதல் மதிப்பெண் வாங்குகிறவளுக்குப் பரிசு நிறைய இருக்கிறது. நான் வேலை பார்த்த இடத்தில் ஆண்டு விழாவில் ஒரே பெண் ஐந்து கவர் வாங்கிக்கொண்டு இறங்குவாள். அதே வாரத்தில் என் மேஜைக்கு முன்னால் இன்னொருத்தி மெஸ் பில் கட்ட முடியாமல், ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கையெழுத்துப் போடுவாள். அப்படிப் போன சிலர் திரும்பி வரவில்லை.

வைப்பு நிதியாகப் போட்டு வட்டியை மட்டும் செலவழிக்கச் சொல்லுங்கள். ஜூன் மாதமே பணம் கையில் கிடைக்கும்படி கேளுங்கள். விழா நாள்வரை இழுக்க விடாதீர்கள். மதிப்பெண்ணைத் தகுதியாக எழுதாமல், 'விடுதிக் கட்டணம் பாக்கி உள்ள மாணவிக்கு' என்று எழுதுங்கள்.