தண்டவாளத்தைப் படம் எடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

“தண்டவாளத்தைப் படம் எடுக்கிறவர்கள் அதில் என்னதான் பார்க்கிறார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படத்தைப் பார்த்து வீட்டில் யாரோ சிரித்திருக்க வேண்டும். என் படத்துக்கு முதலில் கிடைத்தது சிரிப்பு, அடுத்தது பயம்.

நடைமேடையின் கோடியில் குந்தி உட்கார்ந்து எடுத்த படம் அது. (சட்டம் பேச வருகிறவர்களுக்கு: நான் பாதையில் இறங்கவில்லை. வேகமாக வரும் ரயில் பிரேக் போட்டாலும் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகலாம். படத்துக்காகத் தண்டவாளத்தில் போய் நிற்பவரைக் கலைஞர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.) மழை விட்ட மாலை. சக்கரம் உருளும் மேல்பரப்பு மட்டும் வெள்ளிக்கம்பியாக மின்னியது. பக்கவாட்டில் செந்துரு, அதில் இறங்கத் தயங்கி நிற்கும் நீர்த்துளிகள். அந்த மினுமினுப்பைத்தான் எடுத்தேன். தத்துவம் எதுவும் மனதில் இல்லை.

உறவினர், நண்பர் எல்லோருக்கும் அனுப்பினேன். “சேராத இரண்டு கோடுகள். காதல் தோல்வியா?” என்றான் ஒருவன். உலக ரயில் பாதைகளில் பாதிக்கும் மேல் அந்த இடைவெளி 1,435 மில்லிமீட்டர். அளவு மீறிக் கூடினாலோ குறைந்தாலோ வண்டி தடம் புரளும். அவை சேராமல் இருப்பதால்தான் நாம் ஊர் போய்ச் சேர்கிறோம். இதை அவனிடம் சொன்னால் “ரசனை கெட்டவன்” என்கிறான்.

அன்றிரவு பத்து மணிக்கு அத்தை தொலைபேசியில் அழைத்தார். “சாப்பிட்டாயா கண்ணா? மனதில் ஏதாவது இருந்தால் அத்தையிடம் சொல்லிவிடு” என்றார். எதை நினைத்துப் பயந்தார் என்பது எனக்கு வெகுநேரம் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

நாஜிகளின் பிர்கெனாவு வதைமுகாமின் வாசலில் போய்ச் சேரும் தண்டவாளங்களின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1945-இல் ஸ்டனிஸ்லாவ் முக்கா எடுத்தது. முகாமுக்குள் நுழையும் ரயிலின் பார்வை என்றே நான் பல வருடங்கள் நினைத்திருந்தேன். உண்மையில் அது உள்ளே நின்று வாசலை நோக்கி எடுத்த படம். கொண்டுவரப்பட்டவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய காட்சி. அதை அறிந்த பிறகு, தண்டவாளம் என்றாலே பயணம், நம்பிக்கை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

என் படத்தை ஒழுங்காகப் பார்த்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான். பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தின் ஒரு மூலையை விரலால் பெரிதாக்கினார். இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் இரும்புப் பட்டை, ஃபிஷ்பிளேட், அங்கே தெரிந்தது. “ஃபிஷ்பிளேட்டில் நான்கு போல்ட் இருக்க வேண்டும் தம்பி. மூன்றுதான் இருக்கிறது.” மறுநாள் காலை இருவருமாகப் போய் ரயில் நிலையத்தில் சொல்லிவிட்டு வந்தோம்.

யாருடைய வண்டவாளத்தையும் தண்டவாளம் ஏற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் உறவினர் ஒருவர் அதே படத்தில் “இனிய காலை வணக்கம்” என்று எழுதி, ஒரு ரோஜாவையும் ஒட்டி, என் பெயரே இல்லாமல் சுற்றுக்கு விட்டார். அது மூன்று குழுக்கள் வழியாக எனக்கே திரும்பி வந்தது. ரோஜா உட்கார்ந்திருந்த இடம், சரியாக அந்த ஃபிஷ்பிளேட்டின் மேல்.